விரதத்தில் விட்ட பியர்

1

சென்ற வாரம் சிங்கப்பூர் பிடோக்கில் என் வீட்டருகேயுள்ள பலதுறை மருந்தகத்தில் ஒரு தாதி என்னைப் பாராட்டினாள். முதியோருக்கான ஆண்டுப் பரிசோதனை. இரத்த அழுத்தம், சர்க்கரை, கண், கால் எல்லாம் பார்த்து முடித்தபின், கணினித் திரையில் ஒரு படிவம் மட்டும் நிரப்ப வேண்டியிருந்தது. தமிழ்ப்பெண்தான், இங்கேயே பிறந்து வளர்ந்தவள்.

"அங்கிள், ஸ்மோக்கிங் இருக்கா?"

"இல்லம்மா."

"சாராயம் குடிப்பீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "சாராயம் இல்லம்மா. பியர். ஞாயித்துக்கெழமை மட்டும்."

"ஸேம் லா அங்கிள். எல்லாம் ஒரே பாக்ஸ்தான். வாரத்துக்கு எத்தன கிளாஸ்?"

"ரெண்டு. என் மகனோட."

"மகன் எல்லாம் இதுல போட முடியாது அங்கிள், நம்பர் மட்டும்தான். கடைசியா எப்போ குடிச்சீங்க?"

"ஒம்பது மாசம் இருக்கும்."

அவள் திரையை விட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "அப்ப நிறுத்திட்டீங்க! வெரி குட் அங்கிள். இந்த வயசுல நெறைய பேரால முடியாது. எப்படி நிறுத்தினீங்க?"

நான் சிரித்து வைத்தேன். அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை ஒரு படிவத்தில் அடங்காது. ஆதலால் இங்கே எழுதுகிறேன். ஊரில் இதனை வாசிக்கப்போகும் அன்பர்களில் என்னை அறிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். வெள்ளிதோறும் சந்நிதியில் நின்று பதிகம் பாடுகிறவன், நெற்றி நிறைய நீறு பூசுகிறவன், அறுபத்தெட்டு வயதில் பியரைப் பற்றி எழுதுவதா என்பார்கள். சுளித்துக்கொள்ளட்டும். இதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதையும் சொல்லத்தான் போகிறேன்.

2

சிங்கப்பூருக்கு நான் வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து அங்கேயே ஓய்வும் பெற்றேன். அறுபத்தொரு வயதுவரை மது என் உதட்டில் பட்டதில்லை. என் ஒரே மகன் குமரன் குடிப்பான் என்று தெரிந்த நாளில், ஒரு மாதம் அவனோடு பேசாமலிருந்தேன். அதன்பின் பேசினேன் என்றாலும், பேச்சு என்று அதைச் சொல்ல முடியாது. "சாப்பிட்டாயா", "மழை பெய்கிறதா", "மருந்து போட்டீர்களா" என்பவையே எங்களுக்கிடையில் எஞ்சிய தமிழ்.

எட்டாண்டுகளுக்கு முன் என் மனைவி காலமானாள். அதற்குப்பின் குமரன் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ஞாயிறுதோறும் என்னைக் காண வருவான். தேக்கா சந்தைக்கு அழைத்துப்போய் காய்கறி வாங்கித் தருவான். இருவரும் பைகளைத் தூக்கிக்கொண்டு ஊமைகளைப்போல் நடப்போம். ஒரு ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பெருமழை பிடித்துக்கொண்டது. ஜாலான் புசார் பக்கத்தில் ஒரு காப்பிக்கடையில் ஒதுங்கினோம். இங்கே காப்பிக்கடைகளில் பியரும் கிடைக்கும். தேநீர் போடுகிறவர் அன்று விடுமுறை. பியர் விற்கும் சீன அம்மாள் மட்டும் இருந்தார். எல்லோரும் அவரை 'ஆன்ட்டி' என்பார்கள். குமரன் ஒரு பெரிய போத்தல் வாங்கினான். ஆன்ட்டி கேளாமலே இரண்டு கோப்பைகளை வைத்துவிட்டுப் போனார்.

அவன் தன் கோப்பையை முடித்தான். என்னுடையது நுரையடங்கி நின்றது. அப்போது, மழையைப் பார்த்தபடி, தாயின் இறுதிச் சடங்குக்குப் பின் முதன்முறையாக அவளைப் பற்றிப் பேசினான்.

"அம்மா ஐசியூல என்கிட்ட தண்ணி கேட்டாங்கப்பா. குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. நான் குடுக்கல. ரெண்டு தடவ கேட்டாங்க."

எட்டு மாதங்களாக இதைச் சுமந்துகொண்டா இவன் என்னோடு கத்தரிக்காய் பொறுக்கினான்? எதிரே இருந்த கோப்பையை எடுத்துக் குடித்தேன். கசந்தது. "நானா இருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன்டா" என்றேன். அவன் மேசைமேல் தலை கவிழ்ந்து அழுதான். ஆன்ட்டி வந்து காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் ஒன்றை வைத்துவிட்டுப் போனார்.

மறு ஞாயிறு நானே கேட்டேன்: "அந்தக் கடைக்குப் போலாமா?"

3

அதன்பின் ஆறாண்டுகள். ஞாயிறு நான்கு மணி, அதே மேசை. இந்த வட்டாரத்தில் வார இறுதிகளில் தெருவில் நின்று குடிக்கச் சட்டம் இடங்கொடாது. மேசையில் அமர்ந்தே குடிக்கவேண்டும். அந்தச் சட்டம் எனக்கு மிகவும் உவப்பானது. அமர்ந்தால்தானே பேச்சு வரும்.

அந்த ஆறாண்டுகளில் பியரைப் பற்றி நான் கற்றதை முறையாகவே சொல்லிவிடுகிறேன். அரைகுறையாகக் கற்பது எதிலும் எனக்குப் பழக்கமில்லை.

என் தரவரிசையில் முதலிடம் கறுப்பு பியருக்கு. இங்கே ஸ்டவுட் என்பார்கள். முனீஸ்வரனுக்கு நேர்ந்துகொள்வோர் இதைத்தான் படைப்பார்கள். வறுத்த காப்பிக்கொட்டையும் சற்றே தீய்ந்த வெல்லப்பாகும் கலந்த மணம். இதனைப் பல்லைக் கூசவைக்கும் குளிரில் குடிப்பது அறியாமை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கால்மணி நேரம் மேசைமேல் வைத்திருக்கவேண்டும். குளிர் தணியத் தணியத்தான் மணம் எழும்பும். தொட்டுக்கொள்ள எள்ளுருண்டை. இதை நான் கண்டுபிடித்தபோது குமரன் சிரித்துவிட்டு, ஓர் உருண்டை தின்று பார்த்து, பையில் மிச்சமிருந்த நான்கையும் தானே முடித்தான்.

இரண்டாவது, கோதுமை பியர். கலங்கலாக இருக்கும். ஊற்றும்போது கடைசி இரண்டு விரற்கிடை போத்தலிலேயே நிறுத்தி, மெல்லச் சுழற்றி, அடியிலுள்ள மண்டியையும் சேர்த்து ஊற்றவேண்டும். வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். முதன்முறை முகர்ந்தபோது பஞ்சாமிர்தம் நினைவுக்கு வந்து, யாரேனும் பார்த்துவிட்டார்களோ என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். மிளகும் உப்பும் தூவிய வெள்ளரிப் பிஞ்சு இதற்குப் பொருந்தும். எண்ணெய்ப் பண்டம் கூடாது.

மூன்றாவது, எல்லாக் காப்பிக்கடைகளிலும் கிடைக்கும் வெளிர்மஞ்சள் லாகர். கோப்பையைச் சாய்த்துப் பாதி, நிமிர்த்திப் பாதி என ஊற்றினால் இரண்டு விரல் நுரை நிற்கும். பனிக்கட்டி போடலாமா கூடாதா என்று எனக்கும் குமரனுக்கும் ஆறாண்டுகளாக வழக்கு. தண்ணீராகிவிடும் என்பது அவன் கட்சி. இந்த ஊர் வெயிலில் ஒரு கட்டி தர்மம் என்பது என் கட்சி. சூடான மசால்வடை இதற்குத் துணை.

குமரனுக்கு மிகப் பிடித்தது நான்காவது: சிறு பியர் ஆலைகளில் செய்யும் கசப்பு ஏல். எனக்கு அது வேப்பம்பூ ரசம்.

"இதப் போய் தேடித் தேடி வாங்கறியே!"

"அப்பா, இது அக்வயர்ட் டேஸ்ட். பழகணும்."

"பாகற்காயும் அப்படித்தான்டா. உங்கம்மா பண்ணினப்ப நீ தொட்டியா?"

ஆயினும் எல்லா வகைக்கும் பொதுவான விதி ஒன்றுண்டு. இரண்டே கோப்பை. முதற்கோப்பையில் அலுவலகம், பெட்ரோல், கடன் அட்டை பேசப்படும். இரண்டாவது பாதியாகும்போது உள்ளே கிடப்பது மெல்ல வெளிவரும்: திருமணத்தில் வந்த பிணக்கு, அவன் மகன் தமிழில் தேறாதது, தன் முப்பதுகள் எங்கே போயின என்ற திகைப்பு. மூன்றாவது கோப்பையில் மனிதன் பேசமாட்டான், பியர்தான் பேசும். ஆகவே இரண்டோடு எழுந்துவிடவேண்டும். பியரை நுகரும் சிறந்த முறை இதுவே. வேறெங்கும் உங்களிடம் வாய் திறவாத ஒருவர் எதிரே அமர்ந்திருக்க வேண்டும்.

கோயில் அன்னதானக் குழுவில் சிதம்பரம் என்றொரு நண்பர். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது.

"என்னய்யா, காலையில பதிகம், சாயங்காலம் பியரா?"

"காலையில கேக்கறது சாயங்காலம் கெடைக்குதுய்யா" என்றேன்.

விளையாட்டாகச் சொன்னேன். ஆயினும் உண்மை. என் மகனை எனக்குத் திருப்பிக் கொடு என்றுதான் ஆண்டாண்டாகப் பாடியிருந்தேன். அவன் ஒரு காப்பிக்கடை மேசையில் திரும்பக் கிடைத்தான்.

4

சென்ற ஆண்டின் இறுதியில், இரண்டாவது கோப்பை பாதியானபோது, குமரன் தன் நிறுவனத்தில் ஆட்குறைப்பு வரப்போவதாகச் சொன்னான். நாற்பத்திரண்டு வயது, வீட்டுக் கடன், பள்ளி செல்லும் பிள்ளை. அவன் விரல்கள் கோப்பையின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தன.

மறுநாள் சிதம்பரத்திடம் சொன்னேன். "தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுங்கய்யா. நாப்பத்தெட்டு நாள் சுத்தமா விரதம் இருங்க. புள்ளைக்காகத் தகப்பன் இருந்தா முருகன் கேக்காம இருப்பானா?" என்றார்.

இருப்பது என்று முடிவு செய்தேன். ஆனால் எதை விடுவது? பிறவியிலிருந்தே மரக்கறி உண்பவன். பாயில் படுப்பவன். பிடித்ததை விடுவதல்லவா விரதம்? அப்படி எனக்கென்று பிடித்தது உலகில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பியரை விட்டேன். அதனைக் கோயிலில் நான்கு பேரிடம் சொல்லியும் கொண்டேன். அந்தப் பெருமிதத்தை இப்போது நினைத்தாலும் உடல் கூசுகிறது.

முதல் ஞாயிறு காலையில் குமரன் அழைத்தான்.

"அப்பா, நாலு மணிக்கு வர்றீங்கல்ல?"

"விரதம் எடுத்திருக்கேன்பா. தைப்பூசம் வரைக்கும் அது கெடையாது."

"பியர் வேணாம் லா. நீங்க டீ குடிங்க. சும்மா வந்து உக்காருங்க."

"போத்தல் இருக்கற மேசையில எப்படிப்பா உக்கார்றது? விரதத்துக்கு ஆகாது. உனக்காகத்தான் எடுத்திருக்கேன்."

"எனக்காகன்னா ஓகேப்பா" என்றான்.

அதை நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் அவனைக் கோயில் அன்னதானத்துக்கு அழைத்தேன். வந்தான். வரிசையில் அமர்ந்து உண்டான். ஒருபுறம் நான், மறுபுறம் சிதம்பரம். கைகழுவும் இடத்தில், "அப்பா, ஒண்ணு பேசணும்" என்றான். "சொல்லுப்பா" என்றேன். பின்னால் தட்டுகளோடு ஆட்கள் நின்றார்கள். அவன் அவர்களைப் பார்த்தான், என் நெற்றியைப் பார்த்தான். "இங்க வேணாம்பா. தைப்பூசம் முடியட்டும்."

"முருகன் பாத்துக்குவான், பயப்படாதே" என்று தோளில் தட்டினேன். அவன் வாயை மூடியது நான்தான்.

5

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை பால்குடம் சுமந்தேன். குமரன் தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்திலேயே நடந்து வந்தான். சந்நிதியில் பால் சொரியும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: என் மகனின் வேலை பறிபோகக் கூடாது.

அடுத்த ஞாயிறு மூன்றரைக்கே காப்பிக்கடைக்குச் சென்றுவிட்டேன். ஆன்ட்டி இரு கைகளையும் உயர்த்திக்கொண்டு வந்தார்.

"அங்கிள்! சோ லாங் நோ கம்! யுவர் சன் எவ்ரி சண்டே கம், யூ நோ? சிட் அலோன். டிரிங்க் அலோன். ஐ ஆஸ்க் ஹிம், ஃபாதர் வேர்? ஹீ ஸே, ஃபாதர் பிஸி, பிரேயிங் ஃபார் மீ."

ஏழு ஞாயிறு. நான் பிடோக் வீட்டில் நான்கு மணிக்குப் பூசையறையில் அமர்ந்து அவன் பெயரைச் சொல்லி உருகிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அவன் இங்கே எதிரே ஆளில்லாத மேசையில் அமர்ந்து குடித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

குமரன் வந்தான். கறுப்பு பியர் சொன்னான். குளிர் தணியும்வரை காத்திருக்கவில்லை, உடனே ஊற்றினான்.

"கம்பெனியில ரெண்டு சாய்ஸ் குடுத்தாங்கப்பா. பணத்த வாங்கிட்டு வெளிய போ, இல்ல பெர்த் ஆபீஸுக்குப் போ. பொங்கலுக்குள்ள பதில் சொல்லணும்னாங்க. சைன் பண்ணிட்டேன். மார்ச்ல கெளம்பறோம். மூணு பேரும்."

"ஃபோன்ல சொல்லியிருக்கலாமேப்பா."

"ஃபோன்ல நம்ம என்னைக்குப்பா பேசியிருக்கோம்?" என்றான். கோபமில்லை, களைப்புதான் இருந்தது. "உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன். இங்கயே இருந்து வேற வேல தேடட்டுமா, போகட்டுமான்னு. ஒவ்வொரு வாரமும் வந்து உக்காந்து யோசிச்சேன். நீங்க 'இருடா'ன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பேன்னு நெனைக்கிறேன். தெரியலப்பா. இருந்திருப்பேனோ என்னமோ."

நான் கேட்டது கேட்டபடியே கிடைத்துவிட்டது. வேலை பறிபோகவில்லை. மகன்தான் போகிறான்.

"இப்ப சொன்னா?" என்றேன்.

"இப்ப வீட்ட வித்தாச்சுப்பா" என்றான்.

6

மார்ச்சில் புறப்பட்டார்கள். விமான நிலையத்தில் பேரன், "பை தாத்தா, டோன்ட் க்ரை ஓகே" என்றான். நான் அழவில்லை, அப்படிச் சொல்லவேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள் போலும்.

பெர்த்துக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம். இங்கே நான்கு என்றால் அங்கும் நான்குதான். எனினும் அங்கே ஞாயிறு நான்கு மணிக்குப் பேரனுக்குக் காற்பந்து. குமரன் மைதானத்து ஓரத்திலிருந்து காணொளியில் வருவான். காற்றுச் சத்தத்தில் பாதி கேட்காது. "சாப்டாச்சாப்பா?" "ஆச்சுப்பா. அங்க குளிரா?" "ஆமாப்பா." மீண்டும் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டோம்.

அவர்கள் போன மறு ஞாயிறு காப்பிக்கடைக்குத் தனியே போனேன். முறையாகச் செய்தேன், கறுப்பு பியர், கால்மணி நேரக் காத்திருப்பு, எள்ளுருண்டை. ஒரு வாய் குடித்தேன். கசப்பைத் தவிர அதில் ஒன்றுமில்லை. முதல்நாள் மழையில் குடித்த அதே கசப்பு. ஆன்ட்டியிடம் சொல்லிக்கொண்டு எழுந்தேன். தாதி கேட்ட 'கடைசியாக எப்போது' என்பது இதுதான்.

வெள்ளிதோறும் பாடத்தான் செய்கிறேன். அடியார்கள் பலரும் என்னைவிட மோசமாகக் கலங்கியவர்கள். இருளில் கிடக்கிறேன், கைவிட்டாயே, இன்னும் எத்தனை நாள் என்று கதறியவர்கள். நான் பாடும் பதிகங்களில் எல்லாம் பிள்ளை நின்று தந்தையை அழைக்கிறது. தந்தை பிள்ளையைக் கூவியழைக்கும் பதிகம் ஒன்றும் எனக்குப் பாடமில்லை. அடியார்களின் புலம்பலுக்குக் கேட்பவன் ஒருவன் இருந்தான் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். நான் யாரிடம் போய், 'உன்னைத் தொழப்போய்த்தான் அவனை இழந்தேன்' என்று முறையிடுவது? குரல் எழும்புகிறது, இராகம் பிசகுவதில்லை, கேட்பவர்கள் கண் துடைக்கிறார்கள். எனக்குள் ஓசை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

7

தீபாவளிக்குக் குமரன் மட்டும் நான்கு நாள் வந்தான். இளைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவனே, "கடைக்குப் போலாமாப்பா?" என்றான். பண்டிகைக் கூட்டத்தில் சிராங்கூன் சாலையைக் கடந்து போய்ச் சேர்ந்தபோது என் நெஞ்சு ஓர் இளைஞனைப்போல் அடித்துக்கொண்டது. ஒன்றுமே கெட்டுப்போய்விடவில்லை, இடைவெளி மட்டும்தான் நீண்டிருக்கிறது என்று அந்த ஐந்து நிமிடம் நம்பினேன்.

ஆன்ட்டி கேளாமலே கறுப்பு பியரும் இரண்டு கோப்பைகளும் கொண்டுவந்தார். குமரன் கையை நீட்டித் தடுத்தான்.

"நோ நோ ஆன்ட்டி. டீ. டூ டீ."

நான் அவனைப் பார்த்தேன்.

"நிறுத்திட்டேன்பா." போத்தல் திரும்பிப் போகும்வரை அதன்மேல் அவன் கண் படவில்லை, படாமல் வைத்திருக்க அவன் படும் பாடு எனக்குத் தெரிந்தது. "அங்க போய், ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வந்ததும் தனியா ஒண்ணு ஓப்பன் பண்ணுவேன். இங்க உக்காந்த மாதிரி. அப்புறம் மண்டேயும். அப்புறம் தெனமும். எத்தனன்னே கணக்கில்லப்பா. வீட்ல பயந்துட்டா. டாக்டர்கிட்ட போனோம். ஆறு வாரமாச்சு, ஒரு சொட்டு தொடல."

அது பெர்த்தில் தொடங்கியதாக அவன் எண்ணியிருக்கலாம். எங்கே தொடங்கியது, எந்த ஏழு ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகன் தனியே குடிக்கப் பழகினான் என்பதை ஆன்ட்டி எனக்குச் சொல்லியிருக்கிறார்.

"நல்ல காரியம் பண்ணினேப்பா" என்றேன்.

தேநீர் வந்தது. இருவரும் குடித்தோம். சொல்லவேண்டியவை எனக்குள் வரிசையாக நின்றன. அவனுக்குள்ளும் நின்றிருக்கும். உதடுவரை வந்து திரும்பின.

"டீ நல்லா இருக்குப்பா."

"ம். இஞ்சி போட்டிருக்கான்."

பக்கத்து மேசையில் யாரோ போத்தல் திறந்தார்கள். குமரனின் தோள் ஒருமுறை அசைந்து அடங்கியது.

"போலாமா?"

"போலாம்."

அரைக் கோப்பைத் தேநீரை மேசையிலேயே விட்டு எழுந்தோம். மறுநாள் அவன் விமானம் ஏறினான்.

இப்போது விடியலில் பதிகத்தை முடித்தபின் நான் வேண்டுவது ஒன்றுதான். என் மகன் இனி எந்நாளும் அந்தப் பியர் மேசைக்கு வந்து அமரக்கூடாது என்று வேண்டுகிறேன். இதுகாறும் நான் வேண்டியவற்றை முருகன் அப்படியே கொடுத்திருக்கிறான்.